கோடு போட்ட கட்டம்

எங்கள் சலவைக்கூடத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஈரப்பக்கம், சூட்டுப்பக்கம். ஆஸ்பத்திரி விரிப்பும் லாட்ஜ் விரிப்பும் ஒரு வாசலில் அழுக்காக வந்து இறங்கி, இன்னொரு வாசலில் மடிப்புக் கலையாமல் ஏறிப் போகும். நடுவில் என்ன நடக்கிறது என்று அதில் படுத்துப் புரளுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்.

ஈரப்பக்கத்தில் நனைந்த விரிப்புகளை மிஷினிலிருந்து வாரித் தள்ளுவண்டியில் போட வேண்டும். நனைந்த துணி பிணம் மாதிரி கனக்கும். சூட்டுப்பக்கத்தில் நீராவி இஸ்திரிப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே நிற்பவர்களின் முன்கையைப் பார்த்தாலே எத்தனை வருஷ சர்வீஸ் என்று சொல்லிவிடலாம், அத்தனை தழும்பு. இரண்டுக்கும் நடுவில், சன்னலை ஒட்டிக் கிழிசல் மேசை. அது என்னுடையது. பதினோரு வருஷமாகக் கிழிந்ததைத் தைக்கிறேன், தைக்க முடியாததைக் கந்தலுக்குத் தள்ளுகிறேன். அங்கே உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தெரியும். இரண்டு பக்கமும் வந்து புலம்பும்.

நெட்டச்சி ஈரப்பக்கம். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. நாலு ஆம்பிளை தள்ளுகிற வண்டியை ஒற்றை ஆளாகத் தள்ளுவாள். பேச்சு மட்டும் வராது. வந்தால் அடி மாதிரி வரும். சுருட்டை சூட்டுப்பக்கம். நீராவியில் முடி சுருண்டு சுருண்டு தலை எப்போதும் காக்காய்க் கூடுதான். வாய் மட்டும் கத்தரி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். குடும்பம் என்றுதான் சொல்கிறேன். வேறு சொல் வைத்திருப்பவர்கள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிச் சிரித்துக்கொள்ளட்டும். அவன் பெண்டாட்டி அவனை விட்டு ஓடிய கதையைச் சொன்னால் அவனால் சிரிக்க முடியாது.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. சுருட்டை பெற்றாள். மருத்துவமனையில் முறைப்படி வைத்தியம் பார்த்து, கொடுத்தவன் யாரென்று தெரியாமல், இரண்டு பேரும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பிறந்த குழந்தை. பிறந்தபோது உருண்டையாக, பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். "பட்டாணி மாதிரி இருக்கு" என்றாள் நெட்டச்சி. அவள் அன்று பேசியது அவ்வளவுதான். குழந்தைக்குப் பட்டாணி என்றே பெயர் நின்றுவிட்டது. பிறப்புப் பதிவில் பெற்றோர் என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் சுருட்டையின் பெயர். இரண்டாவதில் குமாஸ்தா ஒரு கோடு போட்டான். "இங்க எழுத ஆள் இல்லல்ல?" என்று கேட்டானாம். ஆள் அவன் எதிரிலேயே, கையில் பால் புட்டியோடு ஆறடிக்கு நின்றுகொண்டிருந்தாள்.

பட்டாணிக்குச் சுருட்டை அம்மா, நெட்டச்சி நெட்டம்மா. பட்டாணிக்கு இளைப்பு உண்டு. மழை வாடை அடித்தாலே நெஞ்சு விசிலடிக்கும். ஈரத்திலேயே நின்று கை வெளுத்துப்போன நெட்டச்சிதான் வீட்டில் ஒரு சொட்டு ஈரம் தங்க விடமாட்டாள். சுவரில் பூசணம் பூத்தால் கத்தியால் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பாள். இன்ஹேலரை எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

இப்படி இருந்தவர்கள் பிரிந்தார்கள். காரணம் கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் சூட்டுப்பக்கத்தில் ஒரு குழாய் வெடித்து மூன்று பேருக்கு முகம் வெந்தது. பழைய குழாய்களை மாற்றும்வரை வேலைக்கு வரமாட்டோம் என்று எல்லாரும் வெளியில் உட்கார்ந்தோம். பதினாறாம் நாள் சுருட்டை உள்ளே போனாள். பட்டாணி இளைப்புக்கு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த மூன்றாம் நாள் அது. வீட்டுக்காரர் வேறு காலி பண்ணச் சொல்லிவிட்டார். உள்ளே போனவளைப் பார்த்து, வாசலில், நூறு பேர் முன்னால், நெட்டச்சி சொன்னாள்:

"வெந்த மூஞ்சில மிதிச்சிட்டுப் போறா பாருங்க."

அன்று சாயங்காலம் நெட்டச்சியின் துணிமூட்டை மாடிப்படியில் கிடந்தது. இரண்டு பேரும் என்னிடம் நியாயம் கேட்டார்கள். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. ஒருத்தி தப்பாக இருந்தால் சமாதானம் பண்ணலாம்.

நெட்டச்சி இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தாள். பேச்சு கிடையாது, ஆனால் தினம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். பட்டாணியைக் கூட்டிப்போய் டீக்கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்து, பாடம் சொல்லிக்கொடுத்து, ஏழு மணிக்குக் கொண்டுவந்து கீழ்ப்படியில் விட்டுவிட்டுப் போவாள். மேலே ஏறமாட்டாள். இப்படி இரண்டு மாதம் ஓடியது.

அப்போதுதான் அண்ணன் வந்தார்.

சுருட்டையின் கூடப்பிறந்த அண்ணன். அரசாங்க அலுவலக வாசலில் கம்ப்யூட்டரும் ஸ்டூலும் போட்டு மனு அடித்துக் கொடுக்கிறவர். 'பணிவுடன் சமர்ப்பிக்கும்' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிக்கிற மனுஷனிடம் பணிவு என்று மருந்துக்கும் கிடையாது. கஞ்சி போட்ட சட்டை, பையில் மூன்று பேனா. மூன்றில் ஒன்றுதான் எழுதும். ஆறு வருஷமாகத் தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். குழந்தை பிறந்தபோது, "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொல்லி அனுப்பியவர். இப்போது அவருடைய பெண்டாட்டிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. வீட்டில் பெருக்க, துவைக்க, ஆக்கிப்போட ஆள் வேண்டும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் ஒரு பழச்சீப்போடு வந்து அழுதது.

அன்று நானும் அங்கே இருந்தேன். திரைச்சீலை ஒன்றைத் தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன்.

"அவளை எதுக்கு இன்னும் பிள்ளைகிட்ட விட்டு வச்சிருக்க?" என்றார் அண்ணன்.

"பிள்ளை கேக்குது."

"பிள்ளை நிலாவைக்கூடக் கேக்கும். சட்டப்படி அவ யாரு? ஒண்ணும் கிடையாது. வழியில போறவ. நாளைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடினா என்ன பண்ணுவ?"

"ஓடுறவ இல்ல அவ."

"உன்னை நூறு பேர் முன்னால அசிங்கப்படுத்தினவதானே? எதையும் செய்வா. பள்ளிக்கூடத்துல ஒரு கடுதாசி குடு, நானே அடிச்சுத் தரேன். பிள்ளையோட எங்கூட வந்து இரு. அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்."

கடைசி வாக்கியத்தை அவர் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார். சுருட்டைக்குக் கேட்டதோ என்னவோ. அவள் காதில் அந்த 'அசிங்கம்' என்ற சொல்தான் நின்றது. மறுநாள் கடிதம் கொடுத்துவிட்டாள்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் காவலாளி கையை நீட்டி நெட்டச்சியை மறித்தான். மூன்று வருஷமாகத் தினம் பார்க்கிறவன். அவள் வாங்கிக்கொடுத்த டீ எத்தனையோ குடித்தவன்.

"லிஸ்ட்ல உன் பேர் இல்லம்மா."

"நேத்து இருந்துச்சு."

"இன்னிக்கு இல்ல."

கம்பிக்கு உள்ளே பட்டாணி பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "நெட்டம்மா, நான் ரெடி" என்றாள். நெட்டச்சி கம்பி வழியாகக் குழந்தையின் காலர் மடிப்பைச் சரிசெய்தாள். "அம்மா வருவா. இங்கயே நில்லு, மழையில நனையாத" என்று சொல்லிவிட்டு, எதிர்ச் சாரியில், சாத்தியிருந்த கடையின் வாசலில் போய் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சுருட்டை வந்து குழந்தையைக் கூட்டிப்போகும்வரை நின்றாள். பிறகு நேரே என் வீட்டுக்கு வந்தாள். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மனு குடுக்கணும். நீ எழுதித் தரியா?" என்றாள்.

நான் எழுதினேன். 'நான் இந்தக் குழந்தையின் அம்மா. என்னைப் பார்க்க விடவில்லை.' இதற்குமேல் என்ன எழுதுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்படியே கொடுத்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை நல அலுவலகம், இரண்டாவது மாடி. குழந்தைகள் நலமாக இருப்பதற்கான அடையாளம் எதுவும் அங்கே இல்லை. சுவரில் சிரிக்கிற குழந்தை படம் ஒன்று. அதன் கன்னத்தில் யாரோ விரலில் ஒட்டிய பசையைத் துடைத்திருந்தார்கள். உட்கார ஒரு பெஞ்சு. அதிகாரிக்கு மேலே மின்விசிறி, எங்களுக்கு மேலே கொக்கி மட்டும்.

அதிகாரி கட்டைக் குரல், கண்ணாடி. ஃபைலைப் பிரிக்குமுன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். ஓரத்து மேசையில் ஓர் இளம் பெண் குமாஸ்தா ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் இந்தக் கோடியில் நெட்டச்சியும் நானும். அந்தக் கோடியில் சுருட்டையும் அவள் அண்ணனும். அண்ணன் அதிகாரிக்குக் கும்பிடு போட்ட விதத்திலேயே தெரிந்தது, இரண்டு பேருக்கும் தினசரிப் பழக்கம் என்று.

"மனுதாரர் யாரு?"

நெட்டச்சி எழுந்து நின்றாள். அதிகாரி மேலே, மேலே, அண்ணாந்து பார்த்தார்.

"குழந்தைக்கு என்ன உறவு?"

"அம்மா."

"அம்மா அந்தம்மா. பதிவுல இருக்கு. நீங்க?"

"நானும்."

அதிகாரி பிஸ்கட்டைக் கடித்தார். "இங்க பாருங்க, படிவத்துல தாய், தந்தை, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, மற்றவைன்னு இருக்கு. உங்களை மற்றவைல போடலாம். ஆனா மற்றவைக்கு உரிமை ஒண்ணும் கிடையாது." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "ஒரு சந்தேகம். உங்க ரெண்டு பேர்ல யாரு வீட்டுக்காரர்?"

அண்ணன் பேனாக்களைத் தடவிக்கொண்டே சிரித்தார். நெட்டச்சியின் கழுத்து சிவந்தது. ஈரப்பக்கத்தில் ஒருத்தன் இப்படிக் கேட்டிருந்தால் மிஷினுக்குள் கிடந்திருப்பான். இங்கே அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளைக்காகத்தான் அந்தக் கை கட்டியிருந்தது.

"பிள்ளைக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"மருந்து குடுப்பேன்" என்றாள். "தலை வாருவேன். பல்லு விழுந்தா..." நின்றுவிட்டாள். பிறகு, "இளைப்பு வந்தா மடியில நிமித்தி உக்கார வச்சுக்கணும். படுக்க வைக்கக் கூடாது" என்று அதிகாரிக்கு யோசனை சொல்வதுபோல் சொன்னாள்.

"இதெல்லாம் ஆயா வேலைங்க சார்" என்றார் அண்ணன். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒத்தாசைக்குன்னு வந்து ஒட்டிக்கிட்டது. ஆயாவுக்கெல்லாம் அம்மா பட்டம் குடுக்க ஆரம்பிச்சா நாடு என்னத்துக்கு ஆகும்?"

"அதானே" என்றார் அதிகாரி. அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. நாலு வரி எழுதினார். காகிதத்தைச் சுருட்டையின் பக்கம் திருப்பினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. ஃபைலை மூடிடலாம். இனிமே அவங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தா போலீஸ்ல சொல்லலாம்."

சுருட்டை காகிதத்தை எடுத்தாள். அன்று காலையில் வந்ததிலிருந்து அவள் நெட்டச்சியின் பக்கம் திரும்பவேயில்லை. இப்போதும் திரும்பவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அண்ணன் பேனா நீட்டினார். எழுதாத பேனா. அடுத்ததை நீட்டினார்.

"'மேற்படி வீட்டில் தங்கியிருந்த பணிப்பெண்'னு போட்டிருக்கு" என்றாள் சுருட்டை. "யாரு சார் அது?"

"இவங்கதான்."

"இவ எங்க வீட்டு வேலைக்காரியா?"

"ஒரு பேருக்கும்மா. ஏதாவது ஒண்ணு போடணும்ல."

"ஏன் போடணும்?"

"கையெழுத்தைப் போடு" என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில். "ஜெயிச்சாச்சு. அப்புறம் பேசிக்கலாம்."

சுருட்டை காகிதத்தை மேசையில் வைத்தாள். அவள் குரல் ஏறவில்லை. சூட்டுப்பக்கத்தில் பெட்டி மூடுமுன் ஒரு சீறல் வரும், அப்படி இருந்தது.

"சார், எனக்கு இவ மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. நூறு பேர் முன்னால என்னைப் பேசின வாய் அது. நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அது எனக்கும் அவளுக்கும். அதுல நீங்க யாரு பிஸ்கட் தின்னுக்கிட்டே கேலி பண்ண?"

"ஏம்மா, மரியாதையா..."

"பிள்ளை வேணும்னு சொன்னதே அவதான். நான் வேணாம்னேன். பயமா இருக்குன்னேன். அவளுக்குப் பெத்துக்க முடியாது, கர்ப்பப்பை எடுத்தாச்சு. ஒரு வருஷம் கெஞ்சினா. வாயே திறக்காதவ ஒரு வருஷம் கெஞ்சினா சார். வயிறு என்னோடது, அவ்வளவுதான். பிரசவத்துல எனக்கு ரத்தம் நிக்காம ஒன்பது நாள் நினைவில்ல. அந்த ஒன்பது நாளும் பிள்ளை யார் நெஞ்சுல படுத்திருந்துச்சு, இவரு நெஞ்சுலயா?" அண்ணனைக் கை காட்டினாள். "இவரு எனக்குத் தங்கச்சியே இல்லன்னு ஆள் விட்டுச் சொன்னாரு."

"பழசை ஏன் கிளறுற" என்றார் அண்ணன்.

"நீ சும்மா இரு. அண்ணிக்கு ஒத்தாசைன்னு சொன்னேல்ல. நான் உன் வீட்டுக்கு வந்தா என்னையும் இப்படித்தான் எழுதுவியா, பணிப்பெண்ணுன்னு?"

நெட்டச்சி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதிவுல ரெண்டாவது கட்டத்துல கோடு போட்டிருக்கு" என்றாள் சுருட்டை. "அதுல இவ பேரை எழுதுங்க. நான் சம்மதம்னு கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் நடக்காதும்மா. அதுக்குச் சட்டத்துல இடமே இல்ல."

ஓரத்து மேசையிலிருந்து அந்தக் குமாஸ்தாப் பெண், ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இருக்கு சார். படிவம் பதினேழு. ரெண்டு வருஷமாச்சு வந்து."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"பெத்தவங்க சம்மதமும் ஆஸ்பத்திரி சம்மதப் பத்திரமும் இருந்தாப் போதும் சார். போன வருஷம்கூட ரெண்டு பேர் கொண்டு வந்தாங்க. இவருதான் டைப் பண்ணிக் குடுத்தாரு" என்று அண்ணனைப் பார்த்தாள். "நம்ம ஆபீஸ்ல பழக்கம் இல்லன்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு அந்தப் படிவத்தை அடித்துக் கொடுத்த ஆள், சொந்தத் தங்கையிடம் சட்டப்படி ஒன்றுமே கிடையாது என்று பழம் உரித்தார். அண்ணன் தன் சட்டைப்பையில் பேனாக்களை எண்ணிச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். குமாஸ்தாப் பெண் எழுந்து, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து கட்டுப் பிரிக்காத ஒரு பொட்டலத்தை இழுத்தாள். மேலே ஒரு விரல் தூசி. பல்லால் நூலைக் கடித்து, ஒன்றை உருவி நீட்டினாள்.

சுருட்டை பெஞ்சில் வைத்து நிரப்பினாள். நெட்டச்சியின் முழுப்பெயர், பிறந்த தேதி, எல்லாம் கேட்காமலே எழுதினாள். ஓரிடத்தில் மட்டும் நின்றாள். என்னைப் பார்த்து, "அவ ரத்த வகை மாறியிருக்காதுல்ல?" என்றாள். "ரத்தம் எப்படிடி மாறும்" என்றேன். "எழுதத்தான் கேட்டேன்" என்றாள்.

வெளியே படிக்கட்டில் நெட்டச்சி முன்னால் இறங்கினாள். கீழே நின்று, இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்றாள்.

"பேசாத" என்றாள் சுருட்டை. "பேசினா கையெழுத்தைக் கிழிச்சுருவேன்." பிறகு என்னிடம் திரும்பி, "நாலு மணிக்குப் போகச் சொல்லு. பள்ளிக்கூடத்துல நான் சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அதிகாரி கோபத்தில் ஃபைலின்மேல் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிப் பத்திரம் மங்கல் என்றார். சாட்சிக்கு நான் போட்ட கையெழுத்துக் கோணல் என்றார். விரிப்பு தைக்கிறவள் கை கோணலாகப் போனால் பிழைக்க முடியாது என்று நான் அவர் எதிரிலேயே பதினைந்து தடவை போட்டுக் காட்டினேன். மேலதிகாரிக்கு எழுதினோம். அந்தக் குமாஸ்தாப் பெண்ணை வேறு மாடிக்கு மாற்றினார்கள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கோட்டை அடித்து, பக்கத்தில் பெயர் எழுதி, முத்திரை குத்தினார்கள். வாழ்த்துச் சொல்ல வேண்டாம்; அந்தக் காகிதத்தைத் தரும்போது முகத்தையாவது பார்த்திருக்கலாம். சன்னல் வழியாகத் தள்ளிவிட்டு, "அடுத்து" என்றான் உள்ளே இருந்தவன்.

அவர்கள் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று ஊரில் சிலர் எதிர்பார்த்தார்கள். சேரவில்லை. நெட்டச்சி சைக்கிள் கடைக்கு மேலேயே இருக்கிறாள். பட்டாணிக்கு இரண்டு வீட்டிலும் பல்துலக்கி உண்டு. அண்ணன் இப்போதும் அலுவலக வாசலில் பணிவுடன் சமர்ப்பித்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் பட்டாணிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. தாடை இரண்டும் உப்பி, பேருக்கு ஏற்றபடி ஆகிவிட்டாள். அது நெட்டச்சியின் முறை வாரம். லீவு கேட்கச் சூப்பர்வைசரிடம் போனாள். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றான் அவன்.

"என் மகளுக்கு."

"மகளா?" என்று இழுத்தான். பின்னால் இரண்டு பேர் இளித்தார்கள். "பிள்ளைக்குன்னு லீவு கேட்டா அத்தாட்சி வைக்கணும். தெரியும்ல?"

நெட்டச்சி சட்டைப்பையிலிருந்து பதிவு நகலை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் படித்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. திருப்பி அவள் பக்கம் தள்ளினான்.

"வச்சுக்கோங்க" என்றாள் நெட்டச்சி. "இன்னும் இருவது எடுத்து வச்சிருக்கேன்."

அவள் வேலைக்குப் போடும் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இறங்கும்போது, சூட்டுப்பக்கத்திலிருந்து சுருட்டை என் மேசைக்கு வந்தாள். கையில் கிழிசல் எதுவும் இல்லை.

"பிள்ளைக்கு மெல்லுற மாதிரி எதுவும் குடுக்க வேணாம்னு அவகிட்ட சொல்லு. புளிப்பு ஆகவே ஆகாது."

"நீயே சொல்லேன். அந்தா நிக்கிறா."

"நான் அவகிட்ட பேசுறதில்ல."

எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சொன்னேன். நெட்டச்சி குடையை விரித்துக்கொண்டே நின்றாள்.

"எனக்குத் தெரியாதா? நேத்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனதே நான்தான்னு அவகிட்ட சொல்லு."

திரும்பி வந்தேன். சுருட்டை, "என்ன சொன்னா?" என்றாள். ஆஸ்பத்திரி விரிப்பு என் மேசையில் இடுப்புயரத்துக்குக் கிடந்தது. ஊசியில் நூலைக் கோத்தேன்.

"அவ பிள்ளைய அவ பாத்துக்குவாளாம்" என்றேன்.

"திமிரைப் பாரு" என்றாள் சுருட்டை. சொல்லிவிட்டுத் தன் பெட்டிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து நீராவி சீறத் தொடங்கியது.